மைனஸ் 127 டிகிரி

நூலகம் என்று சொன்னால் உங்களுக்குக் கன்னிமரா ஞாபகம் வரும். இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் கிளை நூலகமும், அங்கே பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடியே தூங்கும் பெரியவரும். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன்களிடம் 'லைப்ரரி' என்று சொல்லிப் பாருங்கள். "எந்த லைப்ரரி? எந்த வெர்ஷன்?" என்பார்கள். அவர்களுடைய லைப்ரரியில் புத்தகம் கிடையாது. சந்தா கிடையாது. குறித்த தேதியில் திருப்பித் தராவிட்டால் அபராதமும் கிடையாது.

விஷயம் சிம்பிள். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு, மெஷினுக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்துவிடுகிறார். அதே வேலை தேவைப்படுகிற மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் புரோகிராமோடு சேர்த்துக்கொள்ளலாம். ரசப்பொடி மாதிரி. மல்லியையும் மிளகையும் வறுத்து அரைத்தது வேறு யாரோ. ஒரு ஸ்பூன் போட்டு ரசம் வைப்பது நாம். பாராட்டும் நமக்கே.

இந்த வாரம் அந்த லைப்ரரி பற்றித்தான். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எழுதுகிறவன் பி.காம். எனக்குப் புரிந்தால் உங்களுக்கு நிச்சயம் புரியும்.

நான் இந்த வம்பில் மாட்டியதற்குக் காரணம் இன்சுலின். என் அம்மா தினமும் போட்டுக்கொள்கிறாள். பிரிக்காத இன்சுலினை 2 டிகிரி முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் நம் வீடுகளில் மாவுப் பாத்திரத்துக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே அதற்கும் ஓர் இடம். உபயோகத்தில் இருப்பதைச் சில வாரங்கள் வெளியே வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் என்பது மருந்தைப் பொறுத்தது, அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் போட்டிருக்கும். சூடும் ஆகாது, உறையவும் கூடாது. உறைந்துபோனால் குப்பைத் தொட்டிதான்.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், பால் கெட்டால் திரியும், முட்டை கெட்டால் ஊரையே கூட்டும். இன்சுலின் கெட்டுப்போனாலும் பார்வைக்குப் பழைய மாதிரியே இருந்து தொலைக்கும். ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகும் சர்க்கரை இறங்கவில்லையே என்று பார்க்கும்போதுதான் சந்தேகமே வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது அல்லவா? எங்கள் தெருவில் கரண்ட் போய்த் திரும்பி வர ஒன்றரை நாளுக்கு மேல் ஆயிற்று. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் உங்கள் வீட்டைப் போலவே எங்கள் வீட்டிலும் அது ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான்; ஃப்ரிட்ஜைத் தாங்காது. கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல ஜில்லென்று நின்றது. நடுவில் உள்ளே எத்தனை டிகிரி வரை போனது? 12? 20? யாருக்குத் தெரியும்? டாக்டருக்குப் போன் போட்டால், "சந்தேகமா இருந்தா யூஸ் பண்ணாதீங்க" என்றார். சரியான பதில்தான். மூன்றும் குப்பைக்குப் போயின.

அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "எவ்வளவு சூடாச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமயே தூக்கிப் போடறீங்க. நல்லா இருந்திருந்தா?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அக்கா மகனிடம் இருந்தது. மூன்றாம் வருஷம் இ.சி.இ. படிக்கிறான். "முந்நூறு நானூறு ரூபா போர்டு மாமா. ஒரு சென்சார், ஒரு பஸ்ஸர். நான் பண்ணித் தர்றேன் பாட்டி" என்றான். 2024 மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருவரும் ரிச்சி தெருவுக்குப் போனோம். அந்தக் குறுகிய தெருவில் தோளால் இடித்து வழி கண்டுபிடிக்கும் வித்தை அவனுக்கு இந்த வயதிலேயே கைவந்திருக்கிறது.

வாங்கியது ஆர்டுயினோ ஊனோ வகைப் போர்டு. பர்ஸில் போட்டுக்கொள்கிற அளவு. நடுவில் இருக்கும் சிப்பின் பெயர் ஏ.டி.மெகா 328பி. புரோகிராம் வைக்க அதில் 32 கிலோபைட் இடம். வேலை பார்க்க மேஜை மாதிரி இன்னொரு 2 கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை யுனிகோடு தமிழில் அப்படியே உள்ளே திணித்தால் பாதியில் இடம் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு ஃப்ரிட்ஜுக்குக் காவல் இருக்க அது தாராளம்.

இதன் பிறந்த ஊர் இத்தாலியில் இருக்கும் இவ்ரேயா. பழைய பத்திரிகைக்காரர்கள் அந்தப் பெயரை டைப்ரைட்டரின் முதுகில் பார்த்திருக்கலாம். ஒலிவெட்டி கம்பெனியின் ஊர். அங்கே இருந்த ஒரு டிசைன் கல்லூரியில், எஞ்சினீயரிங் தெரியாத மாணவர்களும் விளக்கெரிய, மோட்டார் சுற்ற வைக்க மலிவாக ஒன்று வேண்டும் என்று மாசிமோ பான்சி, டேவிட் குவார்ட்டியெல்லெஸ் முதலான ஐந்து பேர் 2005-இல் உருவாக்கினார்கள். அவர்கள் வழக்கமாகப் போய் உட்காரும் மதுக்கடையின் பெயர் ஆர்டுயினோ. 1002-இல் இத்தாலிக்கு ராஜாவான ஒருவரின் பெயர் அந்தக் கடைக்கு. கடையின் பெயர் போர்டுக்கு. ராஜாக்களுக்கு எப்படியெல்லாம் நினைவுச் சின்னம் அமைகிறது பாருங்கள்.

இந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போகிற ஒரு பெயர் உண்டு. எர்னாண்டோ பர்ரகான், கொலம்பியாக்காரர். அதே கல்லூரியில் அதற்கு முன்பே முதுகலை ஆய்வாக 'வயரிங்' என்று ஒன்றைச் செய்திருந்தார். போர்டு, அதற்கான மென்பொருள், 'இந்தக் காலை எரிய வை', 'இந்தக் காலைப் படி' என்கிற எளிய கட்டளைகள் எல்லாம் அதில் இருந்தன. ஆர்டுயினோ அதிலிருந்து கிளைத்தது. ஐந்து பேரில் அவர் இல்லை. 2016-இல் தன் தரப்பை நீளமாக எழுதினார். கோபமாக இல்லை, தேதி வாரியாக. எனக்கு அது இன்னும் உறைத்தது. இலவசமாகத் தரப்படும் பொருளில் யார் பெயர் முன்னட்டையில் வரும் என்பது, சினிமா டைட்டில் கார்டைவிடச் சிக்கலான விவகாரம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சென்சாருக்கு வருவோம். டி.எஸ்.18பி20 என்று பெயர். எவர்சில்வர் குப்பிக்குள் அடைத்து, ஒரு மீட்டர் வயரோடு கிடைக்கிறது. நனைந்தாலும் பாதகமில்லை. ஃப்ரிட்ஜ் ரேஞ்சில் அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும். மூன்று வயர், ஒன்று பவர், ஒன்று கிரவுண்டு, பேச்சு எல்லாம் மூன்றாவதில்தான். அந்தப் பேச்சு இருக்கிறதே, அது மனிதர்கள் பேசுகிற வேகம் இல்லை. முதலில் போர்டு அந்த வயரை 480 மைக்ரோ செகண்டாவது கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். விட்டதும், 'இருக்கேன்' என்று சொல்ல, சென்சார் தன் பங்குக்குக் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும். அப்புறம் ஒவ்வொரு பூஜ்ஜியத்துக்கும் இத்தனை மைக்ரோ செகண்ட், ஒவ்வொரு ஒன்றுக்கும் இத்தனை என்று கணக்கு. மைக்ரோ செகண்ட் என்றால் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதை முதலிலிருந்து எழுத வேண்டுமென்றால் என் மருமகனுக்கு ஒரு செமஸ்டர் ஆகும். எனக்கு இந்த ஜென்மம் போதாது.

லைப்ரரி இருந்தால்? 'வெப்பத்தை அள' என்று ஒரு வரி. 'எவ்வளவு?' என்று இன்னொரு வரி. முடிந்தது.

அதை இன்ஸ்டால் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஆர்டுயினோவின் மென்பொருளைத் திறந்தால், இடது ஓரத்தில் புத்தகங்கள் அடுக்கிவைத்த மாதிரி ஒரு சின்னப் படம். அதைத் தட்டினால் தேடும் பெட்டி. 'டாலஸ்' என்று அடித்தான். வரிசையாகப் பெயர்கள் வந்தன. மைல்ஸ் பர்ட்டன் என்பவர் எழுதியதைத் தேர்ந்தெடுத்து 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்தினான். உடனே ஒரு கேள்வி: இந்த லைப்ரரிக்கு ஒன்வயர் என்ற இன்னொரு லைப்ரரி வேண்டும், அதையும் சேர்த்துப் போடட்டுமா? சம்பந்தியை அழைத்தால் கூடவே அவருடைய தங்கை வீட்டுக்காரரும் வருவார் அல்லவா, அந்தக் கணக்கு. 'எல்லாவற்றையும் போடு' என்று ஒரு தட்டு. ஐந்து விநாடி.

2015-க்கு முன் இந்த வசதி கிடையாது. ஜிப் ஃபைலை இறக்கி, பிரித்து, சரியான ஃபோல்டரைத் தேடிப் போட்டு, ஃபோல்டர் பெயரில் ஒரு கோடு இருந்தாலே மென்பொருள் கோபித்துக்கொள்ள, பெயரை மாற்றி, மூடித் திறந்து... அந்தக் காலத்துப் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். கேஸ் சிலிண்டருக்கு க்யூவில் நின்ற கதையை நம் பெரியவர்கள் சொல்கிற மாதிரி சொல்வார்கள்.

"ஆச்சு மாமா."

"என்ன ஆச்சு?"

"லைப்ரரி போட்டாச்சு."

"யாரோடது?"

"யாரோடதுன்னா? ஃப்ரீ மாமா."

"ஃப்ரீதான். குடுத்தது யாரு?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு மாட்டின் பெயர் கேட்பவனைப் பார்க்கிற பார்வை. ஆனால் நாற்பது வயதுக்கு மேல், அதுவும் காமர்ஸ் படித்தவனுக்கு, இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பக்கம் சந்தோஷமும் ஒரு பக்கம் பயமும் சேர்ந்து வரும். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் எங்களுக்குப் பாடம். கைம்மாறு இல்லாத ஒப்பந்தம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, செல்லாது. நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியென்றால் நாளைக்கு இது தப்பாகக் காட்டினால் நான் யார் சட்டையைப் பிடிப்பது?

யாருடையதையும் பிடிக்க முடியாது. ஃபைலைத் திறக்கச் சொன்னேன். சாதாரண எழுத்துக் கோப்புதான், யார் வேண்டுமானாலும் திறக்கலாம். உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லாமல் தரப்படுகிறது என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒன்வயர் மட்டும் இல்லை, இந்த வகையில் பெரும்பாலானவற்றின் தலையிலும் அந்த வாசகம் இருக்கும்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. நான் படித்த முக்கால்வாசி ஆண்டறிக்கைகளைவிட நேர்மையான ஒரு குறிப்பு. 2007-இல் ஜிம் ஸ்டட் என்பவர் முதலில் எழுதினார். பிறகு அவர் விட்டுவிட்டார். திருத்த வேண்டிய பிழைகள் நிறைய இருந்தும், கைகொடுத்த யாரும் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள முன்வரவில்லை. 2010 ஜனவரியிலிருந்து பால் ஸ்டாஃப்ரெகன் என்பவர் பராமரித்து வருகிறார். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறைதான் அவர் இதில் கை வைப்பார். திருத்தங்கள் அதுவரை காத்திருக்கும். உதவி கேட்டு அவருக்கு ஈமெயில் போடாதீர்கள். இதை எடுத்துச் சுறுசுறுப்பாக நடத்த யாருக்காவது விருப்பம் இருந்தால் எழுதலாம். தனியாக எழுதுவதற்கு அது ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். இவ்வளவும் அந்தக் கோப்பின் தலையிலேயே இருக்கிறது.

இரண்டு தடவை படித்தேன். உலகம் முழுக்க மீன் தொட்டியிலும் பசுமைக் குடிலிலும் காலேஜ் லேபிலும் இந்தச் சென்சாரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஆர்டுயினோக்காரர்களில் பெரும்பாலானோர் நம்பியிருப்பது இதைத்தான். அதன் பின்னால் கம்பெனி இல்லை, சம்பளம் இல்லை. ஸ்டாஃப்ரெகன் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டீன்ஸி என்ற போர்டுகளை உருவாக்கியவர். பிழைப்பு அது. இது அநாதையாக நின்றதைப் பார்த்து எடுத்துக்கொண்டது.

பார்ட்னர்ஷிப் கணக்கில் ஒரு பங்குதாரர் விலகினால் 'குட்வில்'லுக்கு ஒரு மதிப்புப் போட்டு, அவர் பங்கை அவர் கணக்கில் வரவு வைப்போம். ஜிம் ஸ்டட் விலகியபோது என்ன வரவு வைத்தார்கள்? பெயர். ஒவ்வொரு லைப்ரரியோடும் ஒரு சின்ன விவரக் கோப்பு வரும். அதில் 'எழுதியவர்' என்று ஒரு வரி, 'பராமரிப்பவர்' என்று தனியாக ஒரு வரி. ஒன்வயரில் எழுதியவர் வரியில் பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்; முதல் பெயர் இன்னமும் ஜிம் ஸ்டட். பராமரிப்பவர் வரியில் ஒரே பெயர். பர்ரகானுக்குக் கிடைக்காதது இங்கே சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. 2025 அக்டோபரில் குவால்காம் கம்பெனி ஆர்டுயினோவை வாங்கப்போவதாக அறிவித்தது. வாங்கட்டும். அந்த இரண்டாவது வரியில் இருக்கும் ஒற்றைப் பெயரை எந்த பேலன்ஸ் ஷீட்டில், எந்தத் தலைப்பில் காட்டுவார்கள் என்று எனக்கு ஒரு ஆவல்.

சரி, ஃப்ரிட்ஜ்.

பையன் மத்தியானத்துக்குள் புரோகிராமை முடித்துவிட்டான். 8 டிகிரியைத் தாண்டினால் பஸ்ஸர் கத்தும். சென்சாரைக் கையில் பொத்திப் பிடித்தான். திரையில் 29, 30, 31 என்று ஏறியது, பஸ்ஸர் கத்தியது. ஐஸ் தண்ணீரில் விட்டான். இறங்கியது, வாயை மூடியது. அம்மா கை தட்டாத குறை.

"வயர் கழண்டு போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன். இது என் புத்திசாலித்தனம் இல்லை, படிப்பு தந்த வியாதி. ஆடிட்டிங் பாடத்தில் முதலில் சொல்லித் தருவதே, இருக்கும் வவுச்சரைப் பார்ப்பதைவிட இல்லாத வவுச்சரைத் தேடு என்பதுதான்.

"கழண்டா ரீடிங் வராது மாமா."

"கழட்டு பாப்போம்."

பிடுங்கினான். திரையில் மைனஸ் 127 டிகிரி என்று வந்தது. பஸ்ஸர் அமைதியாக இருந்தது.

மைனஸ் 127! அண்டார்டிகாவில்கூடக் கிடையாது. பஸ்ஸர் ஏன் கத்தவில்லை? அதற்குச் சொல்லிக் கொடுத்தது, 8-ஐத் தாண்டினால் கத்து என்று. மைனஸ் 127 என்பது 8-ஐவிடக் கம்மிதானே? அது பாட்டுக்கு நிம்மதியாக இருக்கிறது. வயரை எலி கடித்திருந்தாலோ, வேலை செய்ய வரும் அம்மா துடைக்கும்போது இழுத்திருந்தாலோ, உள்ளே 25 டிகிரி போனாலும் இந்த மெஷின் சாந்த சொரூபியாக உட்கார்ந்திருக்கும். மெஷின் இல்லாத வீட்டிலாவது சந்தேகம் மிச்சம் இருக்கும். மெஷின் இருக்கும் வீட்டில் அதுவும் போய்விடும். அம்மா அதை நம்பி ஊசி போட்டுக்கொள்வாள்.

லைப்ரரியில் தப்பு இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சென்சார் கிடைக்கவில்லை என்றால் மைனஸ் 127 என்று சொல்வேன் என அதில் பெயர் கொடுத்தே எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையான வெப்பத்தோடு குழம்பாத ஓர் எண். இந்தச் சென்சார் மைனஸ் 55-க்குக் கீழே அளக்காது. இதற்கு ஒரு ஜோடி எண்ணும் உண்டு: 85. பவர் வந்த கையோடு, அளந்து முடிப்பதற்கு முன்னால் கேட்டால், இந்தச் சென்சார் 85 டிகிரி என்று அடித்துவிடும். ஒரு தடவை அளந்து முடிக்க முக்கால் விநாடி வேண்டும், அந்தப் பொறுமை நமக்கு வேண்டும். கோர்ட் பாஷையில் சொன்னால் 85 பொய்ச் சாட்சி, மைனஸ் 127 பிறழ் சாட்சி. இரண்டும் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் வழக்கு ஜெயிக்கும்.

நாலு வரி சேர்த்தான். மைனஸ் 127 வந்தால் வேறு மாதிரி, விட்டுவிட்டுக் கத்து. 85 வந்தால் நம்பாதே, இன்னொரு முறை கேள். 2 டிகிரிக்குக் கீழே போனாலும் கத்து.

அம்மா கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. எத்தனை டிகிரி வரைக்கும் போச்சு? நாங்கள் வீட்டில் இல்லாதபோது கரண்ட் போய் வந்தால் அது தெரிய வேண்டும். அந்தச் சிப்புக்குள் 1 கிலோபைட் அளவில் இன்னொரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, ஈப்ராம் என்று பெயர். பவர் போனாலும் எழுதியது அழியாது. ஆனால் ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதுவதற்குத்தான் உத்தரவாதம். அப்பாடா, உத்தரவாதம் என்ற சொல் ஓர் இடத்திலாவது வந்ததே என்று பார்த்தேன். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஒரு தரம் எழுதினால் இருபத்தெட்டு மணி நேரத்தில் லட்சம் முடிந்துவிடும். இதற்கும் யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆர்டுயினோவோடு வருகிற ஈப்ராம் லைப்ரரியில் 'எழுது' என்று ஒரு கட்டளை, 'மாறியிருந்தால் மட்டும் எழுது' என்று இன்னொரு கட்டளை. பையன் முதலாவதைப் போட்டிருந்தான். இரண்டாவதுக்கு மாற்றினான். இதுவரை கண்ட அதிகபட்ச வெப்பம் மாறினால்தானே எழுத வேண்டும்? அது மாதத்தில் இரண்டு மூன்று முறை மாறினாலே அதிகம்.

நடுவில் ஒரு நாய்க்கதை. 1896-இல் இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை வழக்கில், ஆடிட்டர் என்பவர் காவல் நாயே தவிர மோப்ப நாய் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பி.காம். படித்த எல்லோரும் இதைப் பரீட்சையில் எழுதி நாலு மார்க்காவது வாங்கியிருப்போம். (கன்னிமராவைத் திறந்ததும் அதே வருஷம்தான். சும்மா சொல்லிவைத்தேன்.) இந்தச் சிப்புக்குள்ளும் ஒரு காவல் நாய் இருக்கிறது, பெயரே 'வாட்ச்டாக்'. புரோகிராம் அவ்வப்போது அதன் தலையைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். 8 விநாடி வரை பொறுக்கும்படி வைக்கலாம். அதற்குள் தடவவில்லையென்றால், புரோகிராம் எங்கோ மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து போர்டையே முதலிலிருந்து கிளப்பிவிடும். இதையும் இரண்டு வரியில் சேர்த்தோம். வெப்பம் சரியா என்று அதற்குத் தெரியாது, யாராவது விழித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கும். நாங்கள் பார்த்த ஆடிட்டும் ஏறக்குறைய அதுதான்.

இன்னொரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். 'புது வெர்ஷன் வந்திருக்கிறது, அப்டேட் செய்யட்டுமா' என்று மென்பொருள் அடிக்கடி கேட்கும். பையன்களுக்கு அதைப் பார்த்தால் கை அரிக்கும். அவன் காலேஜிலேயே நடந்தது: ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு புராஜெக்ட், சீனியர்களிடமிருந்து பரம்பரையாக இறங்கி வந்தது. போர்டு ஈ.எஸ்.பி.32, ஷாங்காய் கம்பெனி தயாரிப்பு. சீனியர் கையில் ஓடியது இவன் கையில் ஓடவில்லை. அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. 2024-இல் அந்தப் போர்டுக்கான மென்பொருள் 3-ஆம் பதிப்புக்குப் போனபோது, இரண்டு பழைய கட்டளைகளை எடுத்துவிட்டு ஒரே கட்டளையாக்கிவிட்டார்கள். அதை ஒளிக்கவில்லை, எழுதித்தான் வைத்திருந்தார்கள். வெர்ஷன் எண்ணில் முதல் இலக்கம் மாறினால் இப்படி ஏதாவது இருக்கும் என்பது அந்த உலகத்தின் பொதுவான மரபு. கணக்கியலிலும் அப்படித்தான், தேய்மானம் போடும் முறையை மாற்றலாம், ஆனால் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னதைப் படிக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

ஆகவே, ஒரு துண்டு பிளாஸ்திரியில் இரண்டு லைப்ரரிகளின் பெயர், வெர்ஷன் எண், தேதி எல்லாவற்றையும் எழுதி போர்டின் முதுகில் ஒட்டச் சொன்னேன். இன்றைக்கு ஓடுவது எது என்று அவன் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகும் எனக்குத் தெரிய வேண்டுமே.

போர்டு இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டியிருக்கிறது. பவர் பேங்கில் போட்டுப் பார்த்தோம். இந்த போர்டு குடிக்கும் கரண்ட் ரொம்பக் கொஞ்சம் என்பதால் எங்களுடையது, யாருமே இல்லை என்று நினைத்து அணைந்துவிட்டது. சென்சாரை நேராக உள்ளே தொங்கவிட்டதிலும் ஒரு தொல்லை. அம்மா கொத்தமல்லி தேடிக் கதவைத் திறந்து வைத்திருக்கும்போதெல்லாம் காற்று சூடாகி பஸ்ஸர் அலறியது. "என் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்க நான் யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?" என்றாள். தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ்களில் சென்சாரை ஒரு திரவத்துக்குள் அமிழ்த்தி வைப்பது வழக்கம். காற்று படக்கென்று சூடானாலும் திரவம் நிதானமாகத்தான் சூடாகும், மருந்துக் குப்பியும் அப்படித்தான். ஒரு பழைய டானிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதற்குள் சென்சாரை இறக்கினோம். அலறல் நின்றது. பாட்டிலை இன்சுலின் பக்கத்திலேயே வைத்தோம், மேல் தட்டு ஃப்ரீசரிலிருந்து தள்ளி.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பையனுக்கு ஒரு யோசனை வந்தது. "அந்த ஒன்வயர் ஆளுக்கு ஒரு தேங்க்ஸ் மெயில் போடலாமா மாமா?"

"ஈமெயில் போடாதேன்னு எழுதியிருக்காரே."

"அது சந்தேகம் கேக்கறதுக்கு. இது தேங்க்ஸ்தானே?"

"எதுக்கு எழுதலாம்னும் போட்டிருக்கார் பாரு. எடுத்து நடத்தறேன்னு சொல்றவங்க எழுதலாமாம்."

அவன் கொஞ்ச நேரம் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஃபைனல் இயர் முடியட்டும் மாமா" என்றான். சிரிக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "ஏண்டா, டிபன் சாப்பிட்டுட்டுப் போ" என்று கூப்பிட்டாள்.